போர் முடிந்த பின்னும் படையினரின் பாலியல் வன்முறை நிகழ்வது ஏன்?

போர் ஓய்ந்த பிறகும் படையினர் பொதுமக்கள்மீது பாலியல் வன்முறை புரிவது ஏன், பெண்கள் ஏன் முறையிடுவதில்லை என்று ஹற்றனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த இன வன்செயலுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியமையால், இது நம் உறவுகளின் துயரமும்தான்.

2009 மே மாதத்தில் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபோதும், வவுனியாவும் கிளிநொச்சியும் அடங்கிய வன்னியில் இராணுவ முகாம்கள் அகலவில்லை. மீளக்குடியேறியோரில் ஆண்துணையற்ற குடும்பங்கள் ஏராளம். கதவுகூட இல்லாத தறப்பாள் கொட்டில்களில் பெண்கள் உறங்க, ஆயுதமும் அதிகாரமும் கேள்வி கேட்பாரின்றி அருகிலேயே இருந்தன. காமத்தைவிட, தண்டனை வராது என்ற துணிவே இத்தகைய குற்றங்களுக்கு முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து.

முறையிட்டவர்களும் உண்டு. 2010 ஜூனில் வன்னியிலுள்ள விசுவமடுவில் வன்முறைக்கு உள்ளான இரு பெண்கள், முகாமின் அருகிலேயே வாழ்ந்துகொண்டு, அடையாள அணிவகுப்பில் இராணுவத்தினரை நேருக்கு நேர் நின்று காட்டினார்கள். எத்தனை பெரிய துணிச்சல் அது! 2015 அக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் நால்வருக்குக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.