நூலகர் பதில்கள்: தடைக்காலமும் தவணை தேதியும்

இந்த இதழில் நூலக மென்பொருள் குறித்து ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள். பதில் அளிப்பவர், இதே மாவட்டத்தில் நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எங்கள் சங்க நூலகத்தில் கோஹா மென்பொருள் நிறுவியிருக்கிறோம். தவணை 14 நாள். தாண்டினால் நாளுக்கு ஒரு ரூபாய். விசைப்படகில் போகும் தம்பிகளின் கணக்கில் அபராதம் ஏறிக்கொண்டே போகிறது. சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். என்ன செய்யலாம், ஐயா?
நூலகப் பொறுப்பாளர், தங்கச்சிமடம்

பதில்: முதல் வேலையாக அந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். உறுப்பினர் கணக்கிலேயே அதற்கு வசதி இருக்கிறது. வராமல் நின்றவர்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லச் செய்யுங்கள். அபராதப் பணத்தை நம்பி எந்த நூலகமும் நடப்பதில்லை.

14 நாள் என்பது மென்பொருள் எடுத்த முடிவு அல்ல. நிறுவிக் கொடுத்தவர் எங்கோ ஒரு கல்லூரியின் விதியை அப்படியே போட்டுவிட்டுப் போயிருப்பார். கோஹாவில் இரவல் விதி என்பது ஓர் அட்டவணை. எந்த வகை உறுப்பினர், எந்த வகை நூல் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து எத்தனை நூல், எத்தனை நாள், எத்தனை முறை புதுப்பிக்கலாம், அபராதம் எவ்வளவு, சலுகை நாள் எத்தனை என்று நாம்தான் எழுதுகிறோம். உங்களிடம் பெரியவர், சிறுவர் என்று இரண்டே வகைதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடல் தொழிலாளர் என்று ஒரு வகையைச் சேருங்கள். அவர்களுக்கு 30 நாள் தவணை, அபராதம் இல்லை. ஒருவருக்குப் பொது விதி, தனி விதி இரண்டும் பொருந்தினால் கோஹா தனி விதியையே எடுத்துக்கொள்ளும். மற்றவர்கள் விதியில் கை வைக்க வேண்டியதே இல்லை.

அடுத்தது நாள்காட்டி. பல நூலகங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வார விடுமுறை, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள். பிறகு இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள்: தவணை தேதி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போக வேண்டும், அபராதக் கணக்கில் விடுமுறை நாள் சேரக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்து திடீரென்று நூலகத்தை மூடினால், அந்த நாளை நாள்காட்டியில் சேர்ப்பது மட்டும் போதாது. ஏற்கெனவே வெளியே போய்விட்ட நூல்களின் தவணை அதனால் மாறாது. அவற்றை மொத்தமாக நீட்டிக்கப் புதிய பதிப்புகளில் தனிக் கருவி இருக்கிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே அதைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; நானே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலை சீர்செய்வது, படகுக்கு வர்ணம் அடிப்பது போக, அந்தத் தம்பிகளுக்கு மாலை நேரம் கைக்குக் கிடைப்பது அப்போதுதான். அந்த நாட்களிலும் ஆளுக்கு இரண்டு நூல்தான் என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. ஆறு கொடுங்கள். தொழிலுக்குத் திரும்புவதற்குள் நூல்கள் வந்து சேர வேண்டுமா? விதி அட்டவணையில் இறுதித் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. ஜூன் 13 என்று போட்டு, ‘அதற்கு முன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எந்த நூலின் தவணையும் அந்தத் தேதியைத் தாண்டாது. தடை முடிந்த அன்றே அந்தத் தேதியை எடுத்துவிட வேண்டும். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது என்பதால் அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் நூல் பட்டியல் முழுவதும் எக்செல் கோப்பில், பாமினி எழுத்துருவில் இருக்கிறது. கோஹாவில் ஏற்றினால் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டுமா?
வாசகி, மண்டபம்

பதில்: வேண்டாம், அம்மா. பாமினியில் தட்டும்போது கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். தமிழாகத் தெரிவது எழுத்துருவின் தோற்றம் மட்டுமே. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள். இடையில் இருக்கும் ஆங்கில நூல்களின் பெயர்களையும் அந்தக் கருவி தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும்; பிறகு அது எந்த நூல் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கில நூல்களை முதலில் தனித் தாளுக்கு நகர்த்துங்கள். ஐஎஸ்பிஎன் (நூலுக்கான தனி அடையாள எண்) நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றுங்கள்; இல்லையென்றால் எக்செல் அந்த 13 இலக்க எண்ணைச் சுருக்கிக் காட்டும், சேமிக்கும்போது கடைசி இலக்கங்கள் பறிபோகும்.

பிறகு மார்க்எடிட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைக் கொடுத்தால் மார்க் 21 பதிவுகளாக்கித் தரும். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் எழுதும் முறை அது. ஐஎஸ்பிஎன் 020, ஆசிரியர் 100, தலைப்பு 245, வெளியீட்டு விவரம் 260 அல்லது 264. பார்கோடும் அலமாரி எண்ணும் கோஹாவுக்கே உரிய 952-இல். முதலில் இருபது நூலை மட்டும் ஏற்றிப் பாருங்கள். தமிழில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பதிவில் குறை இருக்காது. தேடல் பொறியான ஜீப்ராவை, தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். நிறுவியவரிடம் இதே சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

அதன் பிறகுதான் உண்மையான பட்டியல் வேலை தொடங்குகிறது. ராமேஸ்வரத்தில் பிறந்த கலாமின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலில் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம், இன்னொன்றில் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், மற்றொன்றில் இடைவெளி இல்லாமல் அப்துல்கலாம். அட்டையில் இருப்பதை இருந்தபடியே 100-இல் எழுதினால் ஒரே மனிதர் மூன்று ஆசிரியர்களாகிவிடுவார். பள்ளிப் பிள்ளை ஒரு பெயரில் தேடிவிட்டு, இவ்வளவுதான் இருக்கிறது என்று போய்விடும். ஆசிரியர் பெயருக்குத் தனிப் பதிவு உருவாக்கி, ஒரு வடிவத்தை ஏற்று, மற்றவற்றை அதன் கீழே மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். மாற்றுப் பெயரில் தேடினாலும் நூல் கிடைக்கும்படி ஓர் அமைப்பும் இருக்கிறது. இதில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் தகும்.

கேள்வி: ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கர்கள் உரிந்து வருகின்றன. சில வெளுத்தும் போகின்றன.
கிளை நூலகப் பணியாளர், பாம்பன்

பதில்: வெளுப்பவை வெப்பத்தில் நேரடியாக அச்சிடும் தாளில் எடுத்தவை; பஸ் டிக்கெட் மங்குவது போலத்தான். ரிப்பன் வைத்து அச்சிடும் முறையில் எடுங்கள். உரிவதற்குக் காரணம் நம் ஊர்க் காற்றின் ஈரம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒன்று, அட்டையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். அதே காற்று கணினியையும் விட்டுவைக்காது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் வழி நிறுவிய கோஹா நாள்தோறும் தரவின் நகல் எடுக்கிறது. ஆனால் நாமாக மாற்றாதவரை இரண்டு நாள் நகலைத்தான் வைத்திருக்கும், அதுவும் அதே கணினியில். வாரம் ஒருமுறையாவது வெளியே ஒரு வட்டில் எடுத்து, வேறு கட்டடத்தில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் மதரசா நூலகத்தில் பழைய அரபுத்தமிழ் நூல்கள் இருக்கின்றன. மொழி என்ற இடத்தில் அரபு என்று போடுவதா, தமிழ் என்று போடுவதா?
கீழக்கரை வாசகர்

பதில்: தமிழ். அதில் தயக்கமே வேண்டாம். எழுத்து அரபு, மொழி நம்முடையது. அரபு என்று போட்டால் தமிழ் நூல்களைத் தேடுபவர் கண்ணில் அவை படவே படாது. மொழிக் குறியீடு தமிழாக இருக்கட்டும். அரபு எழுத்தில் எழுதப்பட்டது என்பதை மார்க் பதிவின் 546-இல் குறிப்பிடுங்கள். தலைப்பைத் தமிழ் எழுத்தில் 245-இல் தந்து, நூலில் உள்ளபடியே அரபு எழுத்தில் 880-இல் இணையுங்கள். இவற்றில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். பசை அந்தத் தாளைத் தின்றுவிடும். அமிலமில்லாத தாளில் பார்கோடை அச்சிட்டு உள்ளே வைத்தால் போதும். ‘இரவலுக்கு அல்ல’ என்ற நிலையைக் கொடுத்துவிட்டால் யாரும் தவறுதலாக வெளியே கொடுக்க முடியாது. இத்தகைய நூல்கள் உங்கள் ஊர் வீடுகளில் இன்னும் இருக்கலாம். பட்டியலை வெளியே காட்டினீர்கள் என்றால் அந்த வீட்டுக்காரர்களே தேடி வருவார்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் பெண் என்னென்ன நூல் எடுத்தாள் என்று அவள் தகப்பனார் வந்து கேட்கிறார். திரையில் முழுப் பட்டியலும் தெரிகிறது. காட்டலாமா?
பெண் நூலகர், தொண்டி

பதில்: காட்டக் கூடாது. கோபம் வந்தாலும் பொறுத்துக்கொண்டு, மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒரு பெண் பிள்ளை தன் விருப்பத்துக்கு அலமாரி முன் நின்று ஒரு நூலைத் தேர்ந்தெடுக்க நம் ஊர்களில் எத்தனை இடம் இருக்கிறது? அந்த ஓர் இடத்தையும் நாமே அடைத்துவிடக் கூடாது.

மென்பொருளில் செய்ய வேண்டியது இது. உறுப்பினரின் தனியுரிமை அமைப்பை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றினால், நூல் திரும்பியதும் எடுத்தவர் பெயர் அந்தப் பதிவிலிருந்து நீங்கிவிடும்; நூல் எத்தனை முறை வெளியே போனது என்ற கணக்கு மட்டும் மிஞ்சும். அதற்கு முன் பெயரற்ற உறுப்பினர் ஒருவரை உருவாக்கி, அவர் எண்ணை அமைப்பில் தர வேண்டும். பழைய பதிவுகளிலிருந்து பெயர்களை மொத்தமாக நீக்கவும் கருவி இருக்கிறது. மகள் கணக்குக்குப் பிணையாளர் என்ற முறையில் தகப்பனார் இணையம் வழியாகப் பார்க்க அனுமதி தந்திருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். இப்போது கையில் இருக்கும் நூல்கள் திரும்பி வரும்வரை திரையில் தெரியத்தான் செய்யும்; அதனால் திரையை வாசகர் பக்கம் திருப்பி வைக்காதீர்கள். தகப்பனாருக்கு ஓர் உறுப்பினர் படிவம் கொடுத்து, அவருக்குப் பிடித்த நூல் எது என்று கேளுங்கள்.