கடலைக் காத்ததற்கு அபராதமா? முதலீட்டு ஒப்பந்தங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எண்ணெய் எடுக்கத் தடை போட்டதற்கு இத்தாலிமேல் வழக்காமே? சொந்தக் கடல்தானே?

சொந்தக் கடல்தான் தம்பி. இத்தாலியின் அப்ருட்சோ கரையோரத்தில் மரக்கால் நட்டு வலை இறக்கும் பழைய மீன்பிடி மேடைகள் உண்டு, 'திரபோக்கி' என்பார்கள். அதற்கு எதிரே ஓம்ப்ரினா மாரே எண்ணெய் வயல். பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் எண்ணெய் எடுக்கக் கூடாது என்று 2015 கடைசியில் சட்டம் வந்தது. ராக்ஹாப்பர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, எரிசக்தி சாசன ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டது. எரிசக்தித் துறையில் வெளிநாட்டு முதலீட்டைக் காக்கப் பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் அது; கம்பெனிகள் அரசுமேல் சர்வதேச நடுவர்களிடம் வழக்குப் போடலாம். 2022-ல் 19 கோடி யூரோவும் வட்டியும் கொடு என்று தீர்ப்பு. போட்ட முதலோடு நிற்கவில்லை. வரும் காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தையும் கணக்கில் எடுத்தார்கள். எனக்கு மனசு ஆறாத இடம் அதுதான்.

கேள்வி: இத்தாலி பணம் கட்டியதா?

2025 ஜூனில் அந்தத் தீர்ப்பே ரத்தானது. ஆனால் காரணம் கடலோ காலநிலையோ இல்லை. நடுவர்களில் ஒருவர் தன்மேல் முன்பு நடந்த குற்ற வழக்கைச் சொல்லாமல் மறைத்துவிட்டார், அவ்வளவுதான்.

கேள்வி: ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினால் பிரச்சினை தீராதா?

இத்தாலி 2016 ஜனவரி 1-லேயே வெளியேறிவிட்டது. வழக்கு வந்தது 2017-ல்! வெளியேறினாலும் பழைய முதலீடுகளுக்கு 20 ஆண்டு பாதுகாப்பு தொடரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருக்கிறது. அரசுகளைத் தயங்க வைப்பது இதுதான். நெதர்லாந்து 2030-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தச் சட்டம் போட்டதும், ஆர்டபிள்யூஈ என்ற ஜெர்மன் மின்சாரக் கம்பெனி இதே ஒப்பந்தத்தைக் காட்டி 140 கோடி யூரோ கேட்டது. அந்த வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் இன்னொரு நாட்டின் மந்திரி அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதானே கையெழுத்துப் போடுவார்?

கேள்வி: சூரிய மின்சாரக் கம்பெனிகளையும் இதே ஒப்பந்தம் காப்பாற்றுகிறதே, சார் ஒருவர் சொன்னார்.

உண்மைதான். ஸ்பெயின், கொடுப்பதாகச் சொன்ன மானியத்தை வெட்டியபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் வந்தன; பலவற்றில் முதலீட்டாளர் ஜெயித்தார்கள். புகை கக்குவது எது, கக்காதது எது என்று ஒப்பந்தம் பார்ப்பதில்லை. சூரிய மின்சாரத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்கென்று தனி ஏற்பாடு செய்யலாம். நிலக்கரிக்கும் சேர்த்துக் காவல் நிற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து கேட்கிறேன். எங்கட நாட்டுக்கும் இதில் தொடர்பு இருக்கோ?

இருக்கிறது. கம்பெனிக்கும் அரசுக்கும் இடையே தனி உடன்படிக்கை எதுவும் இல்லாமல், இரு நாட்டு முதலீட்டு ஒப்பந்தத்தை மட்டும் வைத்து உலக வங்கிக் குழுமத்தின் தீர்ப்பாயத்தில் வந்த முதல் வழக்கே உங்கள் மாவட்டத்து இறால் பண்ணை வழக்குதான். 1987-ல் ராணுவ நடவடிக்கையில் பண்ணை அழிந்தது. 1990-ல் இலங்கை நஷ்டஈடு கொடுக்கத் தீர்ப்பானது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள்.

கேள்வி: இந்தியா?

எரிசக்தி சாசனத்தில் இந்தியா இல்லை. 2011-ல் ஒரு ஆஸ்திரேலிய நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியிடம் தோற்ற பிறகு விழித்துக்கொண்டது. பெரும்பாலான பழைய ஒப்பந்தங்களை ரத்து செய்தது. 2016 மாதிரி ஒப்பந்தப்படி, ஐந்து ஆண்டு உள்ளூர் நீதிமன்றத்தில் முயன்ற பிறகுதான் கம்பெனி சர்வதேச நடுவர்களிடம் போக முடியும். ஆனால் ரத்தான ஒப்பந்தங்களுக்கும், வெளியேறிய பிறகும் பாதுகாப்பைத் தொடரும் அந்த வால் ஷரத்து உண்டு. பலவற்றில் 10, 15 ஆண்டு.