டிபன் ட்ரெய்லருக்கு எந்த பேட்டரி வாங்கலாம்?

கேள்வி: காட்பாடியில் மாலை 5 முதல் இரவு 10 வரை ட்ரெய்லர் வண்டியில் டிபன் கடை போடுகிறேன். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அதே வண்டி பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகும். 9 வாட்ஸ் எல்இடி பல்பு நான்கு, 12 வாட்ஸ் ஃபேன் ஒன்று, எல்லாமே 12 வோல்ட். தெரிந்தவர் பழைய கார் பேட்டரி தருகிறேன் என்கிறார். அது போதுமா?

பதில்: வேண்டாம். கார் பேட்டரி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சில நொடிகள் மட்டும் பெரிய கரண்ட் தருவதற்காகச் செய்தது. தகடுகள் மெல்லியவை. தினமும் ஐந்து மணி நேரம் விளக்கு எரித்தால் சீக்கிரமே படுத்துவிடும்.

உங்கள் கணக்கு சுலபம். மொத்தம் 48 வாட்ஸ்; 12-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். ஐந்து மணி நேரத்துக்கு 20 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது). லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் குறைந்தது 40 வேண்டும். நாளாக ஆகக் குறைவதையும் சேர்த்தால் 60 ஏ.எச். டியூபுலர் (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் லெட் ஆசிட் வகை). லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், 30 ஏ.எச். போதும்.

விலை மட்டும் பார்த்தால் டியூபுலர்தான் மலிவு. ஆனால் உங்களுக்குச் சிக்கல் திங்கட்கிழமை ராத்திரியில் இருக்கிறது. பத்து மணிக்குக் கடை கட்டி, வீட்டுக்குப் போய் சார்ஜில் போட்டு, மூன்றரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். டியூபுலர் முழுதாக ஏற எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரைகுறையாக ஏற்றி மறுபடி இறக்கிக்கொண்டே இருந்தால் தகட்டில் சல்பேட் படிந்து பேட்டரி கெட்டுப்போகும். லித்தியத்துக்கு 10 ஆம்பியர் சார்ஜர் போட்டால் செலவான 20 ஏ.எச். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் திரும்பிவிடும். எடையும் சுமார் நான்கு கிலோதான், ஒரு கையால் தூக்கிப் போகலாம். அதனால் நான் லித்தியத்தையே சொல்வேன். அதற்கென்றே உள்ள 14.6 வோல்ட் சார்ஜரையும் சேர்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜரை அதில் மாட்டாதீர்கள். உள்ளே பி.எம்.எஸ். (பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட்) இருக்கிறதா, வாரண்டி எழுத்தில் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

வேலூர் வெயில் தெரிந்ததுதானே, எந்த பேட்டரிக்கும் சூடு ஆகாது. அடுப்புக்கும் சிலிண்டருக்கும் எட்ட, வண்டியின் மறுகோடியில் நிழலான பெட்டியில் வையுங்கள். பகலில் மூடிய தகரப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடாமல் வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது.

அப்புறம் ஒயர். மெல்லிய ஸ்பீக்கர் ஒயரை இழுத்தால் கடைசி பல்பு மங்கலாகத்தான் எரியும். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் போடுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். ட்ரெய்லர் குலுங்கிக் குலுங்கி ஒயர் தகரத்தில் உரசி ஷார்ட் ஆனால், தீப்பிடிக்காமல் தடுப்பது அந்தச் சின்ன ஃப்யூஸ்தான்.