கொழுந்தில் அசுவினி: மலையகத்துப் பூமரங்களுக்குக் கேள்வி பதில்

கமேலியா, ரோசா, சைப்பிரஸ் வேலி, அலரி என்று மலையகத்து முற்றங்களில் நிற்கும் மரஞ்செடிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. சிலர் அசுவினி என்றும் சிலர் அழுக்கணவன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பூச்சிதான், இளந்துளிரில் கூட்டமாக அப்பிச் சாறு குடிப்பது.

நுவரெலியா: அண்ணே, கமேலியா மொட்டுக் காம்புல கறுப்புப் பூச்சி அப்பிக் கெடக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலை. அங்க இருந்துதான் வருதா?

வரலாம், இங்கிருந்து அங்கே போகவும் செய்யலாம். கமேலியாவும் தேயிலையும் ஒரே பேரினத்துச் செடிகள். தேயிலைக் கொழுந்தில் ஏறும் கறுப்பு அசுவினி கமேலியா, எலுமிச்சை, தோடை, கோப்பி எல்லாவற்றிலும் ஏறும். இன்னதுதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பூச்சி நெருக்கமாக அப்பியிருக்கும் கிளையை விரலால் சுண்டிவிட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். மெல்லிய சுரண்டல் சத்தம் கேட்கும். பின்னங்காலை வயிற்றில் உரசி எழுப்பும் சத்தம் அது.

முழு மரத்துக்கும் மருந்து வேண்டாம். முற்றின கமேலியா இலை தோல்போலத் தடித்தது, அதில் இந்தப் பூச்சி தங்காது. நுனியில் உள்ள மூன்று நான்கு இளம் இலைகளின் அடிப்பக்கமும் மொட்டுக் காம்பும்தான் அதன் இடம். சின்ன மரமென்றால், ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பூச்சி அடர்ந்த நுனிகளைக் கிள்ளி அதற்குள் போடுங்கள். மொட்டுள்ள நுனியைக் கிள்ளாமல், விரலால் வழித்துவிட்டுத் தண்ணீர் பீச்சுங்கள். தேயிலை பக்கத்தில் இருப்பதால் கடை மருந்து எதையும் காற்றடிக்கும் நேரத்தில் தெளிக்கவே கூடாது. பறிக்கும் கொழுந்தில் படிந்தால் அது தேத்தூளில் எச்சமாக நிற்கும்.

ஹட்டன்: ரோசாவுக்குச் சவர்க்காரத் தண்ணி ரெண்டு தரம் அடிச்சிட்டேன். மூணாம் நாள் திரும்பவும் அப்படியே இருக்கு. அளவு தப்பா அண்ணே?

அளவைவிட அடித்த இடம் தப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சவர்க்காரம் நஞ்சல்ல. பூச்சியின் மேல் நேராகப் பட்டு, ஈரமாக இருக்கும் வரைதான் கொல்லும், காய்ந்தபின் ஒன்றும் செய்யாது. மேலிருந்து அடித்தால் இலைக்கு அடியில் இருப்பது தப்பிவிடும். தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேலே பார்க்கப் பிடித்து, சொட்டுச் சொட்டாக வழியும் வரை அடிக்க வேண்டும்.

அளவு: 10 லீற்றருக்குத் துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரம் 50 கிராம். சீவி, ஒரு கோப்பை சுடுதண்ணீரில் முழுதாகக் கரைத்து, துணியில் வடித்து ஊற்றுங்கள். வடிக்காவிட்டால் முனை அடைக்கும். சலவைத்தூள் வேண்டாம், இலை கருகும். மலையகத்து ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் இதே அளவைப் போட்டால் பாதி திரைந்து வீணாகும். அதனால் அங்குள்ளவர்கள் சொல்லும் அளவை இங்கே எடுக்காதீர்கள், கூடிப்போகும். முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். கீழே பன்னச்செடி தொங்கினால் மூடிவிடுங்கள், அது தாங்காது.

மூன்றாம் நாள் திரும்பி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்தில் அசுவினி பெரும்பாலும் முட்டையிடுவதில்லை, பெண்ணே நேராகக் குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். குட்டி வளர்ந்து தாயாக ஏழெட்டு நாள் போதும், நல்ல குளிரில் இன்னும் சில நாள் கூடும். ஆகையால் ஐந்து நாள் விட்டு மூன்று தரம் அடிக்க வேண்டும். ஒரு தரத்தோடு நிறுத்தினால் தப்பின பத்தே போதும்.

இலைமேல் வெள்ளைத் தவிடு போலக் கிடப்பதை முட்டை என்று நினைத்து அதன்மேல் அடிக்காதீர்கள். அது அசுவினி உரித்த சட்டை. அது விழுந்து கிடந்தால், நேர் மேலே உள்ள இலையின் அடியைப் புரட்டிப் பாருங்கள்.

பண்டாரவளை: வேப்பெண்ணெய் போத்தல் காலையில நெய் மாதிரி உறைஞ்சு போகுது. அப்படியே கலக்கலாமா?

கூடாது. உறைந்த எண்ணெய் தண்ணீரில் கட்டியாக மிதக்கும். முதல் பாதித் தெளிப்பு வெறும் தண்ணீராகவும் கடைசிப் பாதி எண்ணெயாகவும் போய் இலை வெந்துவிடும். போத்தலைக் கைபொறுக்கும் சுடுதண்ணீரில் கால் மணி நேரம் வையுங்கள், அடுப்பில் காட்டாதீர்கள். பிறகு ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் 20 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரம் விட்டு, அதில் 50 மில்லிலீற்றர் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி அடியுங்கள். பால்போல வெளுத்தால்தான் கலந்தது என்று அர்த்தம். மேலே எண்ணெய் வட்டம் தெரிந்தால் இன்னும் அடியுங்கள். அதை 10 லீற்றராக்கி அன்றைக்கே தெளித்து முடியுங்கள். முடிந்ததும் டேங்கையும் முனையையும் சுடுதண்ணீரால் கழுவாவிட்டால், ராத்திரிக் குளிரில் மிச்ச எண்ணெய் உள்ளேயே உறைந்து அடைத்துவிடும்.

வேப்பெண்ணெய் மெதுவாக வேலை செய்யும். சட்டை உரிக்கவும் சாறு குடிக்கவும் விடாமல் தடுக்கும். மறுநாளே சாகவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். பனி கலைந்து இலை காய்ந்தபின், வெயில் ஏறுமுன் அடியுங்கள். நாள் முழுக்க மூடுபனி நிற்கும் நாளில் வேண்டாம். எண்ணெய் காயாமல் நின்றால் இலைக்குத்தான் கேடு.

எல்ல: விடுதி வாசலில் பெரிய ஜக்கரண்டா மரம். கீழே நிற்கும் வாகனமெல்லாம் பிசுபிசு. அடிச்செடிகளின் இலை கரி பூசினது போல இருக்கிறது. மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

வெட்ட வேண்டாம், தயவுசெய்து. அந்தப் பிசுபிசுப்பு பூச்சி குடித்துக் கழித்த இனிப்புச் சாறு. அதன்மேல் வளர்வது கரிப் பூஞ்சணம். அது இலைக்குள் இறங்காது, வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்தால் கீழே பச்சை அப்படியே இருக்கும். சாறு நின்றால் பூஞ்சணமும் உதிரும்.

அதே பிசுபிசுப்பைச் செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் தரும். ஒரு கொத்தை ஒடித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். அசுவினி என்றால் முதலில் எறும்பை நிறுத்துங்கள். இனிப்புக்காக எறும்பு அசுவினியைக் காவல் காக்கும், தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் பூசுங்கள். பட்டையில் நேராகப் பூசினால் பட்டை வெந்து வெடிக்கும். பட்டையின் பள்ளங்களில் பஞ்சை அடைத்துவிட்டுக் கட்டுங்கள், இல்லையேல் எறும்பு துணிக்கு அடியால் போகும். கூரையையும் கம்பியையும் தொடும் கிளைகளை நறுக்குங்கள். ஒரு கிளை பாலமாக இருந்தாலும் கட்டியது வீண். வாரம் ஒருமுறை கிரீஸில் தூசு படிந்திருக்கிறதா என்று பாருங்கள், மாதம் ஒருமுறை துணியை அவிழ்த்து மாற்றுங்கள்.

உயர்ந்த மரத்துக்குக் கீழிருந்து மருந்து அடிப்பது உங்கள் முகத்துக்கே அடிப்பது. எட்டும் கிளைகளுக்குக் குழாய்த் தண்ணீரைப் பலமாகப் பீச்சினால் போதும். கீழே விழுந்த அசுவினியில் பெரும்பாலானது திரும்ப ஏறாது.

வெலிமடை: பாடசாலை ரோசாச் செடியில முதலை மாதிரி நீட்டமா, கறுப்புல மஞ்சள் புள்ளியோட ஒரு புழு திரியுது. அதுதான் தாயா?

அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்ன வந்தது. தொடாதீர்கள். சில அசுவினி பழுப்பு நிறத்தில் உப்பி, அசையாமல் ஒட்டியிருந்தால் அதையும் விடுங்கள். உள்ளே குளவிக் குஞ்சு இருக்கிறது. இவை இரண்டும் கண்ணில் பட்டால் ஒரு வாரம் எதையும் அடிக்காமல் பொறுங்கள். சவர்க்காரம் இவற்றையும் கொல்லும்.

ஹப்புத்தளை: சைப்பிரஸ் வேலி திட்டுத் திட்டாகக் காய்கிறது. அசுவினியா?

ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்து, காயும் இடத்தை ஒட்டிய பச்சைக் கிளையைத் தட்டுங்கள். எள் அளவில் பழுப்பாக விழுந்து நடந்தால் அசுவினி. தூசுப்புள்ளி போல ஊர்ந்து, நசுக்கினால் சிவப்புக் கோடு இழுத்தால் அது சிற்றுண்ணி. அசுவினி உள்பக்கச் சுள்ளிகளில்தான் கூடும், ஆகவே வேலியை விரித்து உள்ளே தெளியுங்கள். காய்ந்த கட்டையிலிருந்து சைப்பிரஸ் திரும்பத் துளிர்க்காது. பச்சை மிஞ்சியிருக்கும் இடத்தைத் தாண்டி வெட்டாதீர்கள். ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சியும் காற்றும். அந்த மாதங்களில் வேலிக்கு அடியில் தண்ணீர் விடுங்கள்.

மாத்தளை: கோயில் அலரியில மஞ்சள் பூச்சி, கால் மட்டும் கறுப்பு. ஆபத்தா?

மரத்துக்குப் பெரிய ஆபத்தில்லை, நுனியை நறுக்கினால் தீரும். ஆபத்து அலரிப் பாலில்தான். கையுறை போடுங்கள், நறுக்கியதை மாடு ஆடு எட்டாத இடத்தில் புதையுங்கள். எரிக்கக் கூடாது, புகையும் நஞ்சு.

தலவாக்கலை: கவ்வாத்து வெட்டி யூரியா போட்ட பிறகுதான் பூச்சி கூடுது. தற்செயலா?

இல்லை. கவ்வாத்தால் ஒரே நேரத்தில் துளிர் வரும், யூரியா அதை இன்னும் மென்மையாக்கிச் சாற்றைச் செறிவாக்கும். நீங்களே விருந்து வைக்கிறீர்கள். வெட்டியபின் இரண்டு மாதம் யூரியாவை நிறுத்தி, மக்கின கூட்டெரு மட்டும் போடுங்கள். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. அசுவினியைக் கழுவிவிட மழை இருக்காது, நுவரெலியாவில் உறைபனி துளிரையும் கருக்கும். அந்தக் காலத்தில் துளிர் விடுமாறு வெட்டாதீர்கள்.

ஹட்டனிலிருந்தே இன்னொருவர்: புகையிலைச் சாறு அடிக்கலாமா? கடையில வேர்ல ஊத்துற மருந்து தாறேங்கிறாங்க.

புகையிலைச் சாறு வேண்டாம். நிக்கொட்டின் தோல் வழியாக உடம்பில் ஏறும், கைக்குழந்தை உள்ள வீட்டில் வைக்கவே கூடாது. வேரில் ஊற்றும் மருந்து பலவும் சாற்றோடு பூவுக்கும் தேனுக்கும் போய்த் தேனீயைக் கொல்லும். பூக்கும் மரத்துக்கு அது கூடவே கூடாது. மேலே சொன்ன மூன்று தெளிப்பும் எறும்புத் தடையும் செய்து ஒரு மாதம் கழிந்தும் குறையாவிட்டால், ஒரு கொத்தை ஒடித்துப் பொலித்தீன் பையில் கட்டிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். கொத்தை அன்று காலையே ஒடியுங்கள், வாடினால் பூச்சி இறங்கிப் போய்விடும்.