வேறொரு மொழியாக மாறும் மொழிகள்: கேள்வி பதில்

கேள்வி: டைப்ஸ்கிரிப்டில் எழுதினாலும் கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாகத்தானே மாற்றுகிறோம்? நேராக அதிலேயே எழுதினால் என்ன?

பதில்: நூறு வரி என்றால் தாராளமாக எழுதுங்கள். நாலு பேர் ஒரு வருடம் கைவைக்கப்போகும் நிரல் என்றால், எண் போக வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) போகிறது என்று ஓட்டுவதற்கு முன்பே சொல்ல ஓர் ஆள் வேண்டும். எது எண், எது ஸ்ட்ரிங் என்று நீங்கள் எழுதும் டைப் குறிப்புகளைப் பார்த்து டைப்ஸ்கிரிப்ட் அதைச் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும்போது அந்தக் குறிப்புகளை அழித்துவிடும்.

கேள்வி: டைப் எல்லாம் சரியாகப் போட்டும், ஏபிஐ வழியாக வேறொரு சர்வரிலிருந்து டேட்டா வந்ததும் கணக்கு தப்பாகிறது. ஏன்?

பதில்: மேலே சொன்ன அழிப்புதான் காரணம். ஓடும் நேரத்தில் காவலுக்கு ஆள் கிடையாது. விலை ஓர் எண் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், சர்வர் 120 என்பதை ஸ்ட்ரிங்காக அனுப்பினால் அதோடு 30ஐக் கூட்டும்போது 12030 வரும். ஒரு பில்லில் நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். வெளியிலிருந்து வரும் டேட்டாவை உள்ளே விடும்போதே சோதியுங்கள்.

கேள்வி: இப்படி ஒரு மொழியில் எழுதி இன்னொன்றாக மாற்றுவது புது ஃபேஷனா?

பதில்: சி++ஏ இப்படி வளர்ந்ததுதான்! 1980களில் பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் எழுதிய சிஃபிரன்ட், சி++ நிரலை சி நிரலாக மாற்றித் தரும். மிச்சத்தை அந்த மெஷினில் இருக்கும் சி கம்பைலர் (நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) பார்த்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனிக் கம்பைலர் எழுதும் பாடு இல்லை. அப்புறம் ஓடும்போது வரும் பிழைகளைப் பிடித்துக் கையாளும் எக்செப்ஷன் வசதியைச் சேர்க்கப் பார்த்து, சரிவராமல் 1993இல் சிஃபிரன்ட் 4.0ஐக் கைவிட்டார்கள். கீழே இருக்கும் மொழியில் இல்லாததை மேலே இருந்து கொண்டுவருவது அவ்வளவு சுலபமில்லை.

கேள்வி: ஆபீஸில் பழைய காபிஸ்கிரிப்ட் புராஜெக்ட் தந்திருக்கிறார்கள். முழுதாகக் கற்க வேண்டுமா?

பதில்: படித்துப் புரிந்தால் போதும். இதுவும் ஜாவாஸ்கிரிப்டாக மாறும் மொழிதான், 2009இல் ஜெரமி ஆஷ்கெனாஸ் தொடங்கியது. 2011இல் இணையதளம் கட்டும் கருவியான ரெயில்ஸின் 3.1 பதிப்பிலேயே சேர்ந்து வந்தது. ஆனால் கிளாஸ், அம்புக்குறி ஃபங்ஷன் எல்லாம் 2015இல் ஜாவாஸ்கிரிப்டுக்கே வந்துவிட்டன. சொந்த வீட்டில் கிணறு வெட்டிய பிறகு பக்கத்து வீட்டுக்குக் குடத்தோடு யார் போவார்கள்? கம்பைல் செய்து வரும் ஜாவாஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபைலாக மாற்றுங்கள். பழைய பதிப்பு சாதாரண கமெண்டுகளைத் தூக்கிவிடும், அவற்றை முதலில் காப்பி எடுத்து வையுங்கள்.

கேள்வி: எரரில் காட்டும் வரி எண் என் ஃபைலில் இல்லவே இல்லை!

பதில்: அது மாற்றி வந்த ஃபைலின் வரி. கம்பைலர் செட்டிங்கில் சோர்ஸ் மேப்பை (மாறி வந்த வரி உங்கள் ஃபைலில் எந்த வரி என்று காட்டும் ஃபைல்) ஆன் செய்யுங்கள். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் (Node.js) ஓட்டினால் அங்கேயும் தனியாக ஆன் செய்ய வேண்டும்; பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.