வில்சன் வீட்டு இரும்புக் கெட்டில் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நியூயார்க்கில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். மாலையில் சென்ட்ரல் பார்க்கின் மேற்குப் பக்கமாக நடப்போம். அங்கே ‘செனிகா கிராமம்’ என்று அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. சுற்றிப் பார்த்தால் புல், பாறை, மரம்தான். ஒரு வீட்டைத் தோண்டியதில் கெட்டிலும் குழந்தையின் காலணியும் கிடைத்தன என்று மகள் சொன்னாள். கீழடி என்றால் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமை, புரிகிறது. நூற்றைம்பது வருஷத்து வீட்டுச் சாமானைத் தோண்டுவதும் தொல்லியலா? பூங்கா அமைக்க அந்த ஊர்க்காரர்களுக்குப் பணம் கொடுத்துத்தானே நிலத்தை எடுத்தார்கள், பிறகு ஏன் இவ்வளவு வருத்தம்?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைச் சொன்னால்தான் கெட்டிலின் அருமை தெரியும்.

பணம் கொடுத்தார்கள், உண்மை. ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர், ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், 1825இல் அங்கே மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். ஊர் அவரோடு தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1827இல்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நகரம் அப்போது மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் நெருக்கியடித்துக் கிடந்தது. இது ஊருக்கு வெளியே, காற்றும் தண்ணீரும் உள்ள புறநகர். கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும் என்று 1821 அரசியலமைப்பு சொன்னது. மனை வாங்குவது அவர்களுக்கு ஓட்டுரிமையை நோக்கிய வழியாகவும் இருந்தது.

1855இல் அங்கே சுமார் 225 பேர். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், கல்லறைகள். ஐரிஷ் குடும்பங்களும் சேர்ந்து வாழ்ந்தன. 1853இல் பூங்காவுக்காகச் சட்டம் வந்தது. 1857க்குள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். வில்லியம்ஸ் 3,500 டாலர் கேட்டார், கிடைத்தது 2,335. அந்தப் பணத்தில் வேறெங்காவது மனை வாங்கியிருக்கலாம். முப்பது வருஷ அக்கம்பக்கத்தை, பிள்ளைகள் நடந்து போன பள்ளிக்கூடத்தை, புதைத்த பெரியவர்களை எந்த நஷ்டஈட்டில் சேர்ப்பது?

வெளியேற்றம் நடந்த காலத்துப் பத்திரிகைகள் அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள், குடிசைவாசிகள் என்று எழுதின. அந்த மக்களின் குரல் அச்சில் வரவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் பத்திரிகைகள் சொன்னதே நின்றது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இனி கெட்டில். வில்லியம் காட்ஃப்ரி வில்சன் என்பவர் அங்கிருந்த ஆல் ஏஞ்சல்ஸ் தேவாலயத்தில் வேலை செய்தார். நம்மூர் சபைகளில் கோயில்பிள்ளை என்பார்களே, அந்த வேலை. மனைவி சார்லட், எட்டுக் குழந்தைகள், மரத்தால் கட்டிய மூன்று மாடி வீடு. டயானா வால், நேன் ராத்ஸ்சைல்ட், சிந்தியா கோப்லாண்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல வருஷம் ஆவணங்களைத் தேடி, மண்ணுக்குள் ரேடார் செலுத்திப் பார்த்து, அனுமதிக்குக் காத்திருந்து, 2011 கோடையில் எட்டு வாரம் தோண்டினார்கள். வீட்டின் கல் அஸ்திவாரச் சுவர்கள் கிடைத்தன. இரும்புக் கெட்டில், இறைச்சி வாட்டும் தட்டு, எலும்புப் பிடி போட்ட பல்துலக்கி, சீனாவிலிருந்து கப்பலேறி வந்த பீங்கானின் உடைசல்கள், ஒரு சின்னக் காலணி.

குடிசையில் சுருண்டு கிடந்தவர்கள் என்று பத்திரிகை எழுதியது. மண் காட்டியது என்ன? பல்துலக்கும் தூரிகை எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில் அதைப் பயன்படுத்திய ஒரு குடும்பம். பீங்கான் பாத்திரம் வாங்கிப் புழங்கிய வீடு. தங்கமும் கல்வெட்டும் இதைச் சொல்லியிருக்காது. அரசர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருந்தார்கள். வில்சன் வீட்டு அடுப்பங்கரையைப் பற்றி எழுத அந்தக் கெட்டிலை விட்டால் வேறு யார்? நீங்கள் கீழடியைச் சொன்னீர்கள். அங்கேயும் என்னை நெடுநேரம் நிற்கவைத்தவை உறைகிணறும், பானை ஓட்டில் யாரோ கீறிவைத்த பெயர்களும்தான். பழமை எத்தனை வருஷம் என்பது அப்போது மனதில் இல்லை.

இத்தனைக்கும் அது பத்துப் பேர் வாழ்ந்த ஒரே ஒரு வீடு. ஊரின் பெரும்பகுதி இன்னும் புல்லுக்கு அடியிலேயே இருக்கிறது.

அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போகும்போது எண்பத்தைந்தாம் தெரு வாசல் வழியாகப் பூங்காவுக்குள் போங்கள். எண்பத்தி இரண்டாம் தெருவிலிருந்து எண்பத்தி ஒன்பதாம் தெரு வரை அந்த ஊர்தான். தோண்டிய குழிகளை அப்போதே மூடிவிட்டார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு மெதுவாக நடங்கள். அந்தக் காலணி எட்டுப் பிள்ளைகளில் யாருடையதாக இருந்தாலும், அது ஓடியது அந்தப் புல்வெளியில்தான்.