இசைக் கேள்வி பதில்: மூச்சோடு வாசிக்கும் கிற்றார்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஜாஸ் கிற்றார் பயில்கிறேன். ஸ்கேல்கள் (சுர வரிசைகள்) எல்லாம் விரலுக்கு வந்துவிட்டன. ஆனால் சோலோ (தனி வாசிப்பு) வாசிக்கும்போது பாடம் ஒப்புவிப்பது போலவே கேட்கிறது. உணர்ச்சியோடு கற்பனையாக வாசிக்க வழி என்ன?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: அடுத்த முறை கோணேசர் கோயிலில் நாதஸ்வரக் கலைஞர் இராகம் ஆலாபனை செய்யும்போது அருகில் நின்று கவனியுங்கள். மூச்சு தீரும் இடத்தில் அவருடைய சங்கதியும் முடிந்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு பிடியும் எங்கே தொடங்கி எங்கே அமர்வது என்று அவர் முன்கூட்டியே உணர்ந்து ஊதுகிறார். கிற்றாருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் விரல் நிற்காமல் ஓடுகிறது. உங்கள் குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே வாசிப்பதை வாய்க்குள் பாடிக்கொண்டே வாசியுங்கள்; மூச்சு முடிந்ததும் விரலையும் நிறுத்துங்கள். 1939இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்த கிற்றார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன், மின் கிற்றாரில் சாக்ஸபோன் ஊதுவது போன்ற ஒற்றைச் சுரத் தொடர்களை வாசித்தே பெயர் பெற்றார்.

அடுத்து, ஸ்கேலை மறந்துவிட்டு, பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கோர்ட்ஸைக் கேளுங்கள். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற கோர்ட்ஸ் வரிசையை எடுத்துக்கொள்வோம். சி சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால், முதல் கோர்ட்ஸில் உள்ள ஷட்ஜம், ஜி செவன் வரும்போது அரைச் சுரம் இறங்கிக் காகலி நிஷாதமாகிறது. அங்கே ஏங்கி நிற்கும் சுத்த மத்திமம், சி மேஜர் செவன் வந்ததும் அந்தர காந்தாரத்தில் இறங்கி அமைதி கொள்கிறது. ஒரு வாரம் இந்த இரண்டு இறக்கங்களை மட்டும் வாசியுங்கள். காந்தாரத்தைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தித் தொடுங்கள். பிறகு கீழிருந்து வழுக்கி வந்து தொடுங்கள். இன்னொரு முறை காதில் விழுமா என்னும் அளவுக்கு மெதுவாகத் தொடுங்கள். ஒரே சுரம் மூன்று விதமாகப் பேசுவதை நீங்களே கேட்பீர்கள். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகத்தில் ஊறிய நம் காதுக்கு இது அந்நியமானதல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

சோலோவை வளர்க்கும் முறைக்கு ஜாஸ் கிற்றார் கலைஞர் வெஸ் மொண்ட்கொமரியைக் கேளுங்கள். கட்டைவிரலால் மீட்டிய அவர், பல சோலோக்களில் முதலில் ஒற்றைச் சுரங்கள், பின்னர் ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளிலும் சேர்த்து ஒலித்தல், இறுதியில் முழுக் கோர்ட்ஸ் என்று படிப்படியாக ஏறுவார்.

உங்கள் வாசிப்பைக் கைபேசியில் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். கூடவே பாடிப் பார்க்கும்போது மூச்சுத் திணறும் இடங்களைக் குறித்துவைத்து, அங்கெல்லாம் இரண்டு மாத்திரை மௌனம் விட்டு மறுபடி வாசியுங்கள்.